லிந்துலையில் கற்ற சமையல்

கிளிநொச்சியிலிருந்து கண்டி, நுவரெலியா என்று பஸ் மாறி மாறி லிந்துலையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அது என் அம்மா பிறந்த மண். 1977 வன்செயலுக்குப் பின் தாத்தா குடும்பத்தோடு வன்னிக்கு வந்தார். சின்னம்மா மட்டும் பாட்டியுடன் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். "ஒருக்கா போய் அந்த லயத்தைப் பார்த்திட்டு வா" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா மொகம் அப்படியே இருக்கு புள்ள" என்று சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுது ஓய்ந்த பின் அடுப்படியில் உட்கார்ந்தோம். வாளியில் சோயா அவரை ஊறிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தலவாக்கலையில்தான் மேல் கொத்மலை அணை இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியில் கட்டி, 2012இல் திறந்த 150 மெகாவாட் மின்திட்டம். அதற்காகவும் பல நூறு குடும்பங்கள் வீடு மாறின. அணை கட்டிய காலத்தில், ஜப்பானியர் தங்கிய விடுதியில் சின்னம்மா சமையலுக்கு உதவியாக இருந்தார். அங்கே கற்றதுதான் 'தோஃபு' என்னும் சோயாக் கட்டி.

கால் கிலோ சோயாவை இரவு முழுவதும் ஊறவைத்து, ஒன்றரை லீற்றர் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். பொங்கி வழியும், பெரிய பானை தேவை. கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சரியாக வேகாத சோயா செமிக்காது. பிறகு துணியில் வடித்து, பாலைச் சூடாக்கி இறக்கி, மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஜப்பானியர் இதற்கு, கடல் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரைச் சேர்ப்பார்களாம்.

நான் அவசரப்பட்டுச் சாற்றை ஒரேயடியாக ஊற்றிக் கிண்டிவிட்டேன். கட்டியாகாமல் தூள் தூளாகிப் போனது. வெட்கமாக இருந்தது.

"தெரையும்போது கிண்டப்படாது புள்ள. சும்மா விட்டா தானா சேரும்" என்றார் சின்னம்மா. தூளையும் அவர் வீசவில்லை. கரட், லீக்ஸ் அரிந்து போட்டு முட்டையோடு வறுத்தார். அதுவும் ஜப்பானிய வீட்டுக் கறிதானாம்.

மறுநாள் பொறுமையாகச் செய்தேன். கால் மணி நேரத்தில் திரண்டது. துணியில் கட்டி, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்தோம். அரை மணியில் வெள்ளைக் கட்டி தயார். ஜப்பானியர் சூப்புக்குக் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போடுவார்கள். நம் மாசியும் சூரை மீன்தானே! மாசித்தூளும் லீக்ஸும் போட்டுக் கொதிக்கவைத்து, கட்டியைத் துண்டுகளாக்கிச் சேர்த்தோம். அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்தது. மிஞ்சிய சக்கையைக் கோதுமை மாவுடன் பிசைந்து ரொட்டி சுட்டோம்.

சகோதரிகளே, சோயா நமக்குப் புதிதல்ல. கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷாவில் சோளத்துடன் இருப்பது இதுதான். இறைச்சி, மீன் வாங்க முடியாத நாளில் பிள்ளைகளுக்குப் புரதம் தரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து செய்கிறோம். 2009இல் மகனை இழந்த பிறகு அவர் அடுப்படியில் அதிகம் பேசியதில்லை. போன கிழமை நான் பானைக்குள் அகப்பையை விட்டபோது, "கிண்டாதை, தானாச் சேரும்" என்று என் கையைப் பிடித்தார்.