எரிமலை நாட்டில் ஒரு பந்தி

தீயில் பிறந்து, நீரில் குளித்து, பசுமை உடுத்தி நிற்பவை ஹவாய்த் தீவுகள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்தின் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தள்ளி, தன்னந்தனியே கிடக்கின்றன. வகுப்பிலே வரைபடத்தை விரித்து, "இதோ பாருங்கள், எரிமலைத் தீவுகள்" என்று மாணவர்க்குச் சுட்டிக் காட்டி வந்த நமக்கு, அவற்றை நேரில் காணும் வாய்ப்பு ஒரு கோடை விடுமுறையில் கிட்டிற்று. நம் தமக்கையார் அங்கே ஹீலோ நகரில் வாழ்கிறார். அத்தான், மலையுச்சித் தொலைநோக்கி நிலையமொன்றில் பொறியாளர். மகளைக் காண அன்னையார் புறப்பட்டார். துணைக்கு நாம் சென்றோம். சென்றது சுற்றிப் பார்க்க. திரும்பியது குற்றமுள்ள நெஞ்சோடு! அந்தக் கதையைத்தான் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் கண்டது கிலவேயா எரிமலை. வானை முட்டும் கூம்பு, அதன் உச்சியில் நெருப்பு என்றுதான் பாடப்புத்தகத்துப் படம் நமக்குக் கற்பித்திருந்தது. அங்கே இருந்ததோ, மண்ணில் விழுந்த மாபெரும் பள்ளம்! கரிந்த பாறைத் தரை, விரிசல்தோறும் வெண்புகை, மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அந்தப் பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு, விட்டு விட்டுத் தீயூற்றாய்ப் பீறிட்டது. நாம் சென்ற நாளில் சீற்றம் ஓய்ந்திருந்தது. 2018இல் இதே மலையின் கீழைச் சரிவில் நிலம் பிளந்து, தீக்குழம்பு வழிந்து, எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கிற்று என்று அத்தான் சொன்னார். அந்தக் கரும்பாறையின் பிளவிலே, மண்ணென்று சொல்ல ஒரு பிடி இல்லாத இடத்திலே, ஒரு சிறு செடி நின்றது. சிவந்த மயிர்க்கொத்துப் போன்ற பூ! ஒஹியா என்பது அதன் பெயர். தீ ஆறிய பாறையில் முதன்முதலாய் வேர்விடும் மரங்களுள் ஒன்று அது. அழிவின் மேல் முளைத்த அந்த ஆக்கத்தை அன்னையார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தீவுகள் எப்படித் தோன்றின? கடலடியில், பூமியின் ஆழத்தில், வெப்பம் மிகுந்த ஓரிடம் இருக்கிறது. அதன்மேல் பசிபிக் நிலத்தட்டு, ஆண்டுக்குச் சில அங்குலமே, வடமேற்காக நகர்கிறது. அடுப்பு ஓரிடத்தில், மேலே நகர்வது தட்டு. அடுப்பின்மேல் வந்த இடத்தில் தீக்குழம்பு பொங்கித் தீவாகிறது. தட்டு நகர்ந்ததும் அந்த மலை அவிகிறது. அடுத்த தீவு பிறக்கிறது. ஆகவேதான் வடமேற்கிலுள்ள கவாயித் தீவுக்கு வயது சுமார் 50 இலட்சம் ஆண்டுகள். தென்கிழக்கிலுள்ள பெருந்தீவுக்கோ 10 இலட்சத்துக்கும் குறைவு. அப்பெருந்தீவிலுள்ள மௌனா கேயா, கடல் மட்டத்துக்கு மேல் 4,207 மீட்டர். கடலடியிலுள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் பத்தாயிரம் மீட்டருக்கும் மேல்! 1912இல் ஜாகர் என்னும் அறிஞர் கிலவேயாவின் விளிம்பில் ஆய்வு நிலையம் அமைத்தார். நூறாண்டு கடந்து, நில அதிர்வையும் நச்சுக் காற்றையும் நாள்தோறும் அளந்து வருகிறார்கள்.

அறிவியல் இப்படி அளந்து சொல்ல, அச்சம் வேறு கதை சொல்கிறது. எரிமலைக்குப் பெலே என்றொரு தெய்வத்தைப் பழைய ஹவாய் மக்கள் கற்பித்தார்கள். காரணம் அறியாத காலத்தில் எந்த மக்களும் செய்ததுதான் அது. அவர்களை நகைக்க நமக்கு உரிமையில்லை. நகைப்புக்குரியவர் வேறு ஆட்கள்! இங்கிருந்து கல்லை எடுத்துச் சென்றால் பெலே பழிவாங்குவாள் என்று ஒரு பேச்சு. எடுத்துப் போன பயணிகள், வேலை போயிற்று, நோய் வந்தது என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கல்லை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சாபமோ ஹவாய் மக்களின் தொன்மரபில் இல்லாதது. 20ஆம் நூற்றாண்டில் பயணிகளிடையே முளைத்தது. வானூர்தியில் வருகிறவர்க்கும் பூதம் தேவைப்படுகிறது!

1824 டிசம்பரில் கப்பியோலானி என்னும் தலைவி, பல நாள் நடந்து இம்மலைக்கு வந்தாள். பெலேக்குப் படைக்காமல் தொடலாகாது என்றிருந்த ஒஹெலோக் கனியைப் பறித்துத் தின்றாள், பள்ளத்துக்குள் கல்லெறிந்தாள். மலை அசையவில்லை. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் அவளைப் பாடினார். வீரம்தான், ஐயமில்லை. ஆயினும் உண்மையை மறைத்தல் பகுத்தறிவாகாது. அவள் கிறித்துவத்தைத் தழுவியிருந்தாள். ஒரு கடவுளின் துணைகொண்டு மற்றொரு கடவுளை எதிர்த்தாள். அதற்கு ஐந்தாண்டு முன்னமே, பாதிரிமாரின் மதப்பணி இத்தீவில் தொடங்காத நாளிலே, இதனினும் பெரிய செயல் ஒன்று நடந்திருந்தது. அதைக் காணத் தீவின் தென்முனையைச் சுற்றி மேற்குக் கரைக்குப் போனோம்.

வழியில் ஹோனவுனவு. தென்னை நிழல், கரும்பாறைக் கரை, அதன் குறுக்கே சாந்தின்றி அடுக்கிய கற்சுவர், இருவர் உயரத்திற்கு. அடைக்கலக் கோட்டம் அது. யாருக்கு அடைக்கலம்? கப்புவை மீறியவர்க்கு! கப்பு என்றால் விலக்கு. ஆங்கிலத்தில் வழங்கும் டாபூ என்ற சொல்லுக்கு உடன்பிறந்த சொல். தலைவனின் அடிச்சுவட்டில் எளியவன் நடப்பது கப்பு. தலைவனின் மனையிலே எளியவன் நிழல் விழுவது கப்பு. ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்பது கப்பு. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பெண்ணுக்குக் கப்பு. இருபாலார்க்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனிக் குடில். மீறினால் தண்டனை மரணம். ஏன் இத்தனை கடுமை? மீறியவரை விட்டுவைத்தால் தெய்வம் சினந்து எரிமலையைப் பொங்க வைக்கும், கடலைப் பொங்க வைக்கும் என்ற நம்பிக்கை. துரத்தும் படைக்குத் தப்பி இச்சுவருக்குள் ஓடி வந்துவிட்டால், பூசாரி கழுவாய் செய்து உயிரோடு அனுப்புவான். நிழல் பட்டால் தீட்டு! சேர்ந்து உண்டால் சாவு! இந்தக் கதையை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி தேவைப்படவில்லை.

அங்கிருந்து கைலுவா என்னும் கரையோர ஊர். தீவுகளையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த முதலாம் கமெஹமெஹா மன்னன், 1819 மே திங்களில் இங்கே மாண்டான். அவன் மகன் லிஹோலிஹோ, இருபதைக் கடந்த இளைஞன், அரசனானான். மன்னனின் மனைவியருள் ஆற்றல் மிக்கவள் காஹுமானு. ஆட்சியில் தனக்கும் பங்கு உண்டென்று நின்றாள். இளவரசனின் தாய் கெயோபுவோலானி, பிறப்பால் மிக உயர்ந்தவள். அவள் முதலில் தன் சிறிய மகனோடு சேர்ந்து அமர்ந்து உண்டாள். வானம் இடிந்து விழவில்லை. நாற்பதாண்டாய் வந்துபோன வெள்ளைக்காரர் எந்தக் கப்புவையும் மதியாமல் தின்று குடித்து நலமாகத் திரும்பியதை அவர்கள் கண்டிருந்தார்கள். கண்டதை எண்ணிப் பார்த்தார்கள், அதுதான் சிறப்பு!

நவம்பரில் விருந்து. ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. அரசன் தயங்கித் தயங்கிச் சுற்றி வந்தான். திடீரென்று பெண்களின் மேசையில் அமர்ந்து உண்ணத் தொடங்கினான். கூட்டம் திகைத்தது; பிறகு ஆர்ப்பரித்தது. "ஐ நோவா", அதாவது தடையற்ற ஊண், என்பது அந்நிகழ்ச்சிக்குப் பெயராயிற்று. கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் ஆணை பிறந்தது. தலைமைப் பூசாரி ஹெவாஹெவாவே அதற்குத் துணை நின்றான்! எல்லாரும் ஏற்றுவிடவில்லை. அரசனின் உறவினன் கெக்குவாவோகலானி, பழைய முறை காக்கப் படை திரட்டினான். டிசம்பரில் குவாமோ என்னுமிடத்தில் போர். அவன் மாண்டான், அவன் பக்கத்தில் நின்று போரிட்ட மனைவி மனோனோவும் மாண்டாள். அக்களத்துக் கற்குவியல்களை வரும் வழியில் கண்டோம். பெண்ணைத் தாழ்த்திய முறைக்காகவே ஒரு பெண் உயிர் தந்தாள். அடிமைத்தனத்தின் ஆழம் அவ்வளவு!

இக்கதையைக் கைலுவா விரிகுடாவின் ஓரத்தில், மீண்டும் கட்டப்பட்ட சிறு கூரைக் கோயில் கண்ணெதிரே தெரிய, நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். பகலுணவு நேரம். தமக்கையார் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தார். அன்னையார் பரிமாறினார். முதலில் அத்தானுக்கு, பிறகு நமக்கு, பிறகு குழந்தைக்கு. தாம் தட்டெடுக்கவில்லை.

"வாழைப்பழம் கூடவா தின்னக்கூடாது?" என்று வியந்தார்.

"ஆமாம் அம்மா. தின்றால் சாவுதான்."

சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்த அரசியம்மாள் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சரி. நீ மேடையிலே மாதர் விடுதலை பேசுகிறாயே தம்பி, ஒரு நாளாவது, 'நீயும் உட்கார் அம்மா' என்று சொல்லியிருக்கிறாயா?"

வாயில் வைத்த சோறு விழுங்க வரவில்லை.

ஊரூராய்ப் பேசியிருக்கிறோம். சமபந்தியின் சிறப்பை மாணவர்க்குக் கட்டுரை எழுத வைத்திருக்கிறோம். தந்தையார் மறைந்து நான்காண்டுகள் ஆகியும், நம் வீட்டில் அன்னையார் கடைசியாக, அடுக்களையில், சட்டியில் மிஞ்சியதை உண்டு வருகிறார். அதை நாம் கண்டதில்லையா? கண்டோம். கருதவில்லை! ஹவாய் நாட்டுக் கப்புவுக்குக் காவலன் இருந்தான், பூசாரி இருந்தான், கொலைத் தண்டனை இருந்தது. நம் வீட்டுக் கப்புவுக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. பகுத்தறிவு பேசும் மகன் ஒருவன் பசியோடு வந்து அமர்ந்தால் போதும். அது தானே நடந்தது. தண்டனை இல்லாத விலக்குக்குத் தப்பியோட அடைக்கலச் சுவரும் இல்லை, தோழர்களே!

விலக்கை உடைத்த ஹவாயின் பிற்காலக் கதை இனிமையானதன்று. 1820இல் பாதிரிமார் வந்தனர். புது மதம் ஏற்ற காஹுமானுவே, 1830இல் ஹூலா நடனத்தைப் பொது இடங்களில் ஆடக்கூடாதென்று தடுத்தாள். பழைய தளை அறுந்த கையில் புதிய தளை! 1893இல் லிலியுவோகலானி அரசியின் ஆட்சியை வெள்ளை வணிகர் கூட்டம் கவிழ்த்தது. 1898இல் அமெரிக்கா நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இடையே, 1896இல் ஒரு சட்டம், பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலமே என்றது. தாய்மொழி பேசிய குழந்தைகள் வகுப்பில் தண்டிக்கப்பட்டனர். ஆனால் அம்மக்கள் அயரவில்லை. 1978இல் ஹவாய் மொழியும் ஆட்சிமொழியாயிற்று. 1984இல் தாய்மொழியிலேயே பேசிப் பழக்கும் மழலையர் பள்ளி பிறந்தது. 1987இல் அரசுப் பள்ளிகளிலும் அக்கல்வி புகுந்தது. கரும்பாறையில் ஒஹியா முளைத்தது போல! தம் மக்கள் தாமே எண்ணி உடைத்தது விடுதலை. அயலார் வந்து உடைத்தது பறிப்பு. இரண்டையும் ஒரே தீவில் கண்டோம்.

அன்றிரவு, இரு மலைகளுக்கிடையே செல்லும் பாதையில் ஹீலோ திரும்பினோம். தட்டுகளை நாம் எடுத்து வைத்தோம், நாமே பரிமாறினோம், அன்னையாரை முதலில் அமரச் சொன்னோம். நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். தண்ணீர் எடுக்க ஒருமுறை எழுந்தார். உப்பு எடுக்க ஒருமுறை எழுந்தார். மூன்றாம் முறை எழ முயன்றபோது, தமக்கையார் கையைப் பிடித்து அமர்த்தினார். அதன்பின் உண்டார். அறுபதாண்டுப் பழக்கம் ஓரிரவில் போய்விடுமா? ஊர் திரும்பிய பிறகும், நாம் அழைத்தால்தான் அமர்கிறார். அழைக்க மறந்த நாட்களும் உண்டு; ஒப்புக்கொள்கிறோம்.

தோழர்களே! லிஹோலிஹோ மன்னன் அன்று சொற்பொழிவு ஆற்றவில்லை. எழுந்தான், நடந்தான், பெண்களோடு அமர்ந்து உண்டான். நமக்கு நாற்காலிகூடத் தேவையில்லை. பாயை விரித்தால் போதும். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று பாருங்கள். அவரை அழைத்துப் பக்கத்தில் அமர்த்தி உண்ணுங்கள். மேடைக்கு நாளை போகலாம்.