புங்க மரத்தடியில் ஒரு வாடகை வீடு

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்கள் அறிவார்கள்: வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்; உண்மையில் வீட்டுக்காரர்தாம் நம்மைப் பார்க்கிறார். பெசன்ட் நகரில் அந்த வீட்டு முற்றத்தில் நாங்கள் நின்றபோது, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன உத்தியோகம், சொந்த ஊர் எது என்ற கேள்விகளுக்குப் பிறகு பெரியவர் சற்றுத் தயங்கினார். "மீன் சமைப்பீர்களோ?" என்றார். இதே கேள்வியால் மூன்று வீடுகளை இழந்திருந்தோம். ஆயினும் பொய் சொல்ல மனம் வரவில்லை, சமைப்போம் என்றோம். சிறிது நேரம் யோசித்தவர், "பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். அந்த நன்றியுணர்வு எங்களை நெடுநாள் கட்டிப்போட்டிருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

இது 2011 ஜூலையில். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தோம்; அந்நாளைய வழக்கம் அது. (வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்னும் சட்டம் 2019 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.) ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கு. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட காலக்கணக்கு! ஒவ்வொரு பதினொரு மாதமும் முடியும் தறுவாயில் வாடகைக் குடும்பங்களில் ஒரு மௌனம் குடிகொள்ளும். குழந்தைகளைக்கூட மெதுவாகப் பேசச் சொல்வோம்.

பேட்டையோ அழகிய பேட்டை. அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கியது. மாலையில் கடற்காற்று வீசும். அதே காற்றின் உப்பு ஜன்னல் கம்பிகளைத் தின்னும். ஆகஸ்டு 29-இல் கொடியேற்றத்துக்காகக் காவியுடுத்தி நடந்து வரும் திருப்பயணியர், தெருமரங்களின் நிழலில் இளைப்பாறுவர். எங்கள் முற்றத்திலும் ஒரு புங்கமரம் நின்றது. மாசியில் இலையுதிர்க்கும், சில நாட்களிலேயே பளபளக்கும் தளிர் விடும், பிறகு பொரி இறைத்தாற்போல் பூக்கள் தரையை மூடும். அதன் நிழல் எங்கள் படுக்கையறைச் சுவர்மீது விழுந்தது. கோடையிலும் மின்விசிறி ஒன்றே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

இலைகளைக் கூட்டுவதற்கு ஒரு பெண்மணி வருவார். அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து விடியுமுன் பேருந்து ஏறி வருவார். கூட்டி முடித்ததும் புங்கமரத்தடியில் அமர்ந்து, தூக்குச் சட்டியைத் திறந்து கஞ்சி குடிப்பார். "இதுக்குக் கீழே உட்கார்ந்தா பழைய இடம் மாதிரி இருக்குதும்மா" என்று ஒருமுறை சொன்னார்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் வந்தது. எங்கள் தெருவில் மூன்று குல்மொகர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒன்று ஒரு காரை நசுக்கிவிட்டது. மின்சாரம் இல்லை, பணமதிப்பிழப்பின் காரணமாகக் கையில் ரொக்கமும் இல்லை. மூன்றாம் நாள் பெரியவர் கீழே இறங்கி வந்தார். புங்கமரத்தில் ஒரே ஒரு கிளைதான் முறிந்திருந்தது. அவரோ அதை அண்ணாந்து பார்த்தபடி, "அடுத்த புயலில் இது நம் தலைமேல் விழும்; எடுத்துவிடப் போகிறேன். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கேட்டார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகர் சாய்ந்ததையும், இம்மண்ணுக்கே உரிய புங்கு அசையாமல் நின்றதையும் நாங்கள் கண்ணாரக் கண்டிருந்தோம். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜனவரியில் ஒப்பந்தம் ஆறாம் முறையாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் வேறு வீட்டுக்கு எங்கே போவது? மீன் சமைக்க விட்ட மனிதரை எதிர்த்துப் பேசுவதா? "உங்கள் விருப்பம், ஐயா" என்றோம்.

இரண்டு ஆட்கள் வந்து ஒரே பகலில் வெட்டி முடித்தார்கள். அடிமரத்தில் பொத்தல் ஏதுமில்லை. மறுநாள் காலை வந்த பெண்மணி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மரத்தூளைக் கூட்டி அள்ளினார். அன்றுமுதல் அவர் கஞ்சி குடிப்பது மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாரின் அருகில்.

மே மாதத்தில் சுவர் இரவிலும் அனலாய்ச் சுட்டது. பிள்ளைகள் கூடத்தில் ஈரத்துணி விரித்துப் படுத்தார்கள். பெரியவர் முற்றத்தில் பச்சை வலை கட்ட ஆள் கொண்டுவந்தார். அடிமரம் இருந்த இடத்தைப் பார்த்தபடி எங்கள் வாசலில் நின்றவர், "பயத்தில் வெட்டிவிட்டேன். அன்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்" என்றார்.

அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டோம்; மோர் கொண்டுவந்து கொடுத்தோம். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.