லாபம், இரண்டு, மூன்று

மார்கழி 3, திருவையாறு

விடியுமுன் காவிரிப் படித்துறையில் ஸ்நானத்தை முடித்துத் திரும்பி, திண்ணையில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, 108 மணி கோத்த துளசி மாலையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, ‘ராம’ என்று தொடங்கினேன். வாலிபம் முதல் நெல்மண்டியில் கணக்கெழுதிய விரல்கள் மாலையைத் தொட்ட மாத்திரத்திலேயே தம் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிடுகின்றன. மேருமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்ற நியமத்தில் இருப்பதைவிட, சுற்றுக்கு ஒரு கரிக்கோடாகச் சுவரில் இழுத்துவைப்பதில்தான் எனக்குச் சிரத்தை அதிகம். கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த என் மனைவி, “ஜபம் பண்ணுகிறீர்களா, பேரேடு எழுதுகிறீர்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்கழி 9

நாமம் இரண்டே எழுத்து. இவ்வூரிலேயே வாழ்ந்து 1847இல் சித்தியடைந்த தியாகராஜ ஸ்வாமிகள், ‘எவரனி’ என்ற கிருதியில் இதற்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்: சிவமந்திரத்துக்கு ஜீவனாக நிற்கும் ‘ம’வும், நாராயண மந்திரத்துக்கு ஜீவனாக நிற்கும் ‘ரா’வும் கூடியதே ராமநாமம் என்பது. ‘நமசிவாய’விலிருந்து மகாரத்தை எடுத்துவிட்டால் ‘ந சிவாய’, அதாவது மங்களமில்லை என்றாகிவிடும் என்றும், மற்றதிலிருந்து ‘ரா’வை எடுத்தால் கதியில்லை என்ற பொருள் வந்துவிடும் என்றும் பெரியவர்கள் விரித்துரைப்பார்கள். அக்ஷரத்தைக் கழித்துப் பார்த்து அதன் மதிப்பைக் காண்கிற இந்த முறை, கணக்குப்பிள்ளையாகிய எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் உச்சரிக்கும்போது அர்த்தமா நினைவில் நிற்கிறது? ‘ரா’வில் திறந்த வாய் ‘ம’வில் மூடுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானஸம். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்கிறது சாஸ்திரம். இன்று மானஸமாகச் செய்து பார்த்தேன். நாக்கு சும்மா இருந்தது வாஸ்தவம். உள்ளே ‘நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு’ என்று ஒரு குரல் ராமனைக் காட்டிலும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

மார்கழி 18

காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பணித்தபடி, ஸ்வாமிகள் 96 கோடி முறை ராமநாமம் ஜபித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்கு 21 ஆண்டுகள் ஆயின என்பார்கள். பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,25,000. ஒரு நாளுக்கு உள்ள வினாடிகளோ 86,400. எனக்கு ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம் பிடிக்கிறது. அந்த வேகத்தில் அவருடைய ஒரு நாள் ஜபத்தை முடிக்க எனக்கு 58 மணி நேரம் வேண்டும். அவர் உஞ்சவிருத்திக்குப் போனார், சிஷ்யர்களுக்குப் பாடம் சொன்னார், கீர்த்தனை இயற்றினார். கணக்கு உதைக்கிறது. மண்டியில் இப்படி ஒரு சிட்டை வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இலக்கம் தப்பு என்பதைவிட, எந்தக் கட்டத்திலோ அவர் எண்ணுவதை விட்டிருப்பார், எண்ணியது பின்னால் வந்தவர்கள் என்று கொள்ளத்தான் தோன்றுகிறது.

மார்கழி 28

போகிக்கு முன் வெள்ளையடிக்க ஆள் வந்தான். நான் சந்தியாவந்தனம் முடித்து வருவதற்குள் திண்ணைச் சுவர் பளிச்சென்று இருந்தது. இருபத்தைந்து நாள் கோடுகள்! கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் அரைமணி நேரம் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

தை 5

பகுள பஞ்சமி, ஸ்வாமிகளின் ஆராதனை நாள். காவிரிக்கரையில், பெங்களூர் நாகரத்னம்மாள் தம் பொருளையெல்லாம் செலவிட்டு எழுப்பிய சமாதி மண்டபத்தின் முன்னே, நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பஞ்சரத்னம் பாடினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த எனக்கு, வந்த அடியே மறுபடியும் மறுபடியும் சுழன்று வந்தபோது, ஸங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஞாபகம் வந்தது.

சிறுவயதில் அப்பாவோடு களத்துக்குப் போவேன். மரக்காலால் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்; ‘லாபம்’ என்பார். லாபம், லாபம், லாபம் என்று ராகம்போல் இழுத்துக்கொண்டே, இரண்டாம் மரக்கால் நிரம்பிச் சாக்கில் விழும்வரை அதையே சொல்வார். பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு. பன்னிரண்டு வந்தால் ஒரு கலம். நடுவே யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ஏன் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்று கேட்டதற்கு, “வாயை விட்டால் எண் ஓடிவிடும்டா” என்றார் அப்பா. அந்த மனிதருக்கு எண்தான் மந்திரம். அவர் கை அளந்துகொண்டிருந்தது, அவரோ அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தார். நான் ஐம்பது வருஷம் அப்படி அளந்த நெல்லுக்குக் கணக்கெழுதியவன்.

இன்று சாயங்காலம் மாலையை எடுத்தபோது, முதல் மணியில் வாய் தானாகவே ‘லாபம்’ என்றது. சிரித்துக்கொண்டே ‘ராம’ என்றேன். மேருமணி விரலில் இடறியபோதுதான் விளக்கு வைத்தாகிவிட்டதைப் பார்த்தேன். அது எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை.