ஹாமர்பெஸ்டில் இரண்டு நாட்கள்

நார்வே தேசத்தின் வடகோடியில், எழுபது பாகைக்கும் வடக்கே, ஹாமர்பெஸ்ட் என்னும் சிறு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே போய் வந்தோம் என்று சொன்னதும், "அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?" என்று கேட்காத சிநேகிதர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். மலைகள் மொட்டை; கடைவீதி, பெயருக்கு ஒன்று. ஆனால் எங்களுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. நடுநிசியில் சூரியனைப் பார்க்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் மனிதர்கள் எதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஆசை நிறைவேறக் கண்ணைத் திறந்தால் போதும். இரண்டாவது கொஞ்சம் சிக்கலானது. எங்கள் இருவரில் ஒருவர் சுத்த மரக்கறிக்காரர். மற்றவர் கடலில் நீந்துகிற எதையும் விடாதவர். யார் எது என்பதைப் பத்திரிகையில் வெளியிடுவதில்லையென்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

பெர்கன் நகரிலிருந்து புறப்பட்டு, கரையோரமாகவே ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு ருஷிய எல்லைக்கருகே உள்ள கிர்க்கெனெஸ் வரையில் போகும் கப்பல் மார்க்கம் ஒன்று 1893-ஆம் வருஷத்தில் ஆரம்பமானது. இன்றும் முப்பத்துநான்கு துறைமுகங்களில் அந்தக் கப்பல்கள் நிற்கின்றன. கடிதம், சாமான், மாப்பிள்ளை, வைத்தியர் எல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் வந்து இறங்கியாக வேண்டும். நாங்களும் அப்படியே வந்து இறங்கினோம். ஜூலை மாதம், ஆனாலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. இவ்வளவு வடக்கே இருந்தும் இந்தத் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. தெற்கே அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று இவ்வளவு தூரம் வந்து ஊரைக் காப்பாற்றுகிறது.

மே மாத மத்தியிலிருந்து ஜூலை மாதக் கடைசி வரையில் இங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கடலுக்குச் சற்று மேலே, பொழுது சாயும் வேளை போல் பொன் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சந்தியாவந்தனம் தவறாமல் செய்கிறவர்கள் இங்கே குடியேறினால் எந்தச் சந்தியில் எதைச் செய்வது என்று திண்டாடிப் போவார்கள். ஊர்க்காரர்கள் கறுப்புத் திரையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கினார்கள்; தெருவில் நாங்களும் ஒரு கலைமானும்தான் விழித்திருந்தோம். சாமி ஜனங்களின் மந்தைகள் கோடையில் மேய்ச்சலுக்கு இந்தத் தீவுக்கு வந்துவிடுகின்றன. ஊருக்குள் வராமலிருக்க வேலி போட்டிருக்கிறார்கள். வேலியின் கருத்தும் கலைமானின் கருத்தும் ஒன்றல்ல.

மறுநாள், துறைமுகத்தின் எதிர்க்கரையில் நிற்கும் ஒரு கல் தூணைப் பார்க்கப் போனோம். 1854-இல் நாட்டியது, உச்சியில் ஒரு பூகோளம். பூமியின் வடிவத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்காக ஸ்ட்ரூவே என்ற வான சாஸ்திரி, 1816 முதல் 1855 வரை, இந்த ஊரிலிருந்து கருங்கடல் ஓரம் வரையில் 2,820 கிலோமீட்டர் தூரத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கச் செய்தார். அதன் வடகோடி முனை இந்தத் தூண். படித்ததும் எங்களுக்குப் பறங்கிமலை நினைவு வந்தது. 1802-இல் லாம்டன் துரை அங்கேதான் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். பிற்பாடு அவருடைய அரை டன் கருவியைத் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றப் போய், கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியதும், அவர் விடாப்பிடியாக உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்ததும் நம் நாட்டுக் கதைகள். இங்கே அளந்தவர்களுக்குப் பனி. அங்கே அளந்தவர்களுக்கு மலேரியா. ஒரே பூமியைத்தான் இரண்டு பேரும் அளந்தார்கள்.

ஊரில் பனிக்கரடிச் சங்கம் என்று ஒன்று 1963 முதல் இருக்கிறது. நேரில் வருகிறவர்களைத் தவிர வேறு யாரையும் அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை. ஊரிலோ பனிக்கரடி கிடையாது. சங்கம் வைக்க அது ஒரு தடையா என்ன?

ஆனால் எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது வேறோர் இடம். புனர்நிர்மாணக் காட்சிசாலை என்று அதற்குப் பெயர். ஊருக்குள் வந்ததிலிருந்து, இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட பட்டினத்தில் பழைய வீடு ஒன்றுகூட இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தோம். காரணம் அங்கே தெரிந்தது. 1944-ஆம் வருஷம் அக்டோபரில், ருஷியச் சேனை நெருங்கியபோது, பின்வாங்கும் ஜெர்மானியர் இந்த மாகாணத்தில் ஒரு கூரையைக்கூட விட்டுவைக்கக் கூடாதென்று ஹிட்லர் கட்டளையிட்டான். ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேரைக் கட்டாயமாகத் தெற்கே அனுப்பினார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் புல்தரைக் குடிசைகளிலும் ஒளிந்து அந்த இருண்ட குளிர்காலத்தைக் கழித்தார்கள். சுமார் பதினோராயிரம் வீடுகள் சாம்பலாயின. 1945 பிப்ரவரியில் கடைசிச் சிப்பாய்கள் கப்பலேறியபோது, ஹாமர்பெஸ்டில் நின்ற கட்டிடம் ஒன்றே ஒன்று: இடுகாட்டில் இருந்த சிறு ஜபக்கூடம். உயிரோடிருந்தவர்கள் எல்லோருக்கும் வீடு போயிற்று. இறந்தவர்களுக்கு மட்டும் இருந்தது.

அன்று மாலை எங்கள் விடுதியை நடத்திய அம்மாள், "ஹோட்டலில் சாப்பிட்டது போதும், என் வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தாள். வயது எழுபதுக்கு மேல். மேஜையில் நீல ஓரம் போட்ட ஒரு பெரிய பீங்கான் தட்டு. ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது. அதைப் பார்த்ததைக் கவனித்து, அவளே சொன்னாள். ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று அவளுடைய பாட்டி, வெள்ளிச் சாமான் எதுவும் இல்லாதவள், இந்தத் தட்டையும் காப்பிக் கெண்டியையும் கோணியில் சுற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் படகேறினாளாம். யுத்தம் முடிந்து திரும்பியபோது வீடு இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. வாசலிலிருந்த பாறையை அடையாளம் வைத்துத் தோண்டினார்கள். கெண்டி நசுங்கிவிட்டது, தட்டு பிழைத்தது. "சில்லு எடுத்தது ஜெர்மானியன் அல்ல, என் தாத்தாவின் மண்வெட்டி" என்று சிரித்தாள்.

தட்டில் வந்தது பொக்னாபிஸ்க். சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெயின் சொந்தக்காரரான காட் மீன்தான் அது. நம் கடற்கரையில் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இங்கே இரண்டும் வேண்டாம். பிப்ரவரி மாதத்து மீனை வால்களில் ஜோடி ஜோடியாகக் கட்டி மரச்சட்டங்களில் தொங்க விடுகிறார்கள். கடுங்குளிரானால் சதை வெடித்துவிடும். உஷ்ணமானால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவான காற்று இந்தக் கரைக்கு வாய்த்திருக்கிறது. மே மாதம் வரை விட்டால் விறகுக்கட்டை போலாகி வருஷக்கணக்கில் கெடாது. இத்தாலிக்கும் ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவுக்கும் கப்பலேறுகிறது. இரண்டு வாரத்திலேயே இறக்கி வேகவைத்தால் பொக்னாபிஸ்க். சதை வெண்ணெய் போல் இதழ் இதழாகப் பிரிகிறது. ருசியில் காற்றும் கடலும் சேர்ந்தே இருக்கின்றன. இது மீன் தின்கிறவரின் சாட்சியம்.

மரக்கறிக்காரர் பட்டினி கிடக்கவில்லை. வெந்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய லெப்ஸே என்னும் மெல்லிய ரொட்டி, அதன்மேல் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டி செய்து மிஞ்சும் நீரைப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சி இதைச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சத்தியம் செய்யலாம். கடைசியில், சதுப்பு நிலத்தில் செடிக்கு ஒன்றாகப் பழுக்கும் முல்டே என்ற பொன்னிறப் பழம், அடித்த பாலேட்டில் கலந்து வந்தது. எந்த இடத்தில் பறித்தது என்று கேட்டோம். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தைச் சொந்த மருமகளிடம்கூடச் சொல்லமாட்டார்களாம்.

நாங்கள் கொண்டு போயிருந்த பருப்புப் பொடியைக் கொடுத்தோம். உருளைக்கிழங்கின்மேல் தூவி, வெண்ணெய் வைத்துப் பிசைந்து சாப்பிட்டுப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் தூவிக்கொண்டாள். எப்படிச் செய்வது என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். பெருங்காயம் என்பதை விளக்கத்தான் எங்கள் இங்கிலீஷ் போதவில்லை. ஒரு சிட்டிகையை மோந்து பார்க்கச் சொன்னோம். "இது இல்லாமல் செய்யலாமா?" என்று கேட்டாள். கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

மறுநாள் தெற்கே திரும்பும் கப்பல் வந்தது. காகிதத்தில் சுற்றிய லெப்ஸே பொட்டலத்தோடு அவள் துறைமுகத்துக்கே வந்திருந்தாள். தட்டைக் கழுவி வைத்தாயிற்றா என்று கேட்டோம். "அதை நான் மட்டும்தான் கழுவுவேன்" என்றாள்.