தாத்தாவின் பச்சை மீசை

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நீலமும் சிவப்பும் மஞ்சளும் எதற்கு என்று பிரிண்டரை யாரும் கேட்பதில்லை. சாதாரண இங்க்ஜெட்டில் சாம்பல் நிறம் என்பது சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கறுப்போடு கூடிப் போடும் வேஷம். ஒன்று சற்றே தூக்கலானாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அளவெல்லாம் சரியாக இருந்தாலும் ஒளி மாறினால் போச்சு. ஜன்னலோரம் கம்பீரமாக இருந்த தாத்தாவின் மீசை, கூடத்து டியூப் லைட்டுக்கு வந்ததும் பச்சையடிக்கும்.

இந்தத் தொல்லைக்காகவே கறுப்பைக் கூறு போட்டார்கள். 2005-இல் எப்சன் கொண்டுவந்த கே3 மையில் கறுப்பு, வெளிர் கறுப்பு, அதனினும் வெளிர் கறுப்பு என்று மூன்று. அந்த முதல் கறுப்பிலும் இரண்டு ஜாதி: பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக், மேட் தாளுக்கு மேட் பிளாக். பழைய மாடல்கள் சிலவற்றில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, குழாயில் இருக்கும் மையைக் கழிவுத் தொட்டிக்குத் தாரை வார்க்க வேண்டும். அந்த மை விற்கும் விலைக்கு வயிறு எரியும்.

இவ்வளவு சாமர்த்தியமும் இருந்து, வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு உள்ளே போவது எந்தத் தாள் என்று தெரியாது. ‘மீடியா டைப்’ பட்டியலில் நாம் தொட்டதுதான் வேதவாக்கு. தடித்த பருத்தித் தாளை வைத்துவிட்டு ‘பிளெய்ன் பேப்பர்’ என்றால் கஞ்சத்தனமாக மை தெளித்துக் கறுப்பைச் சோகை பிடிக்க வைக்கும். சாதாரணத் தாளைக் கொடுத்துப் பளபளப்பு என்றால் மை குளம் கட்டி, நிழலெல்லாம் சகதியாகும்.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரருக்குப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. நெகட்டிவை பல்புக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், உதட்டைப் பிதுக்குவார். “சப்பையா இருக்கு. ஹார்டு பேப்பர்லதான் போடணும்.” முரட்டு நெகட்டிவ் என்றால் சாஃப்ட் பேப்பர். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ தாள்தான் அவரிடம் இருக்கும். 1960-இல் அரசு தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது இல்லை. டார்க் ரூமின் சிவப்பு வெளிச்சத்தில் டிரேயை ஆட்டிக்கொண்டே இருப்பார். முதலில் தலைமுடி வரும், புருவம் வரும், கண் வரும். அவர் பார்த்திருப்பது வேட்டியை. மாப்பிள்ளையின் வேட்டியில் மடிப்பு எட்டிப் பார்த்ததும் தாளை எடுத்துக் கழுவி ஹைப்போவில் போடுவார். “வேட்டி வெள்ளையா இருந்தா மட்டும் போதாது தம்பி, துணியா இருக்கணும்.” முகம் வெளுப்பாக வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டால், எக்ஸ்போஸ் பண்ணும்போது கம்பியில் செருகிய அட்டைத் துண்டை முகத்தின் மேல் ஆட்டி ஒளியைக் குறைப்பார். அதற்குத் தனிக் காசு. கறுப்பு மாப்பிள்ளை சிவந்துபோனது அந்த அட்டைத் துண்டின் தயவு.

வேட்டி மடிப்பின் அருமை தெரிந்த இன்னொருவர் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருக்கிறார். ஜான் கோன் என்பவர். வண்ணக் குப்பிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடங்களிலும் கறுப்பையே அடர்த்தி மாற்றி நிரப்பும் பியசோகிராபி முறை அவருடையது. அதில் கரி மையும் உண்டு. நம்மவர்கள் ஓலைச்சுவடியில் கீறிய எழுத்து தெரியத் தடவியதும் விளக்குக் கரிதான். கரி வெயிலுக்கு அசையாது. லேசாகப் பழுப்படிக்கும்; அது எனக்குச் சம்மதமே.

தாளில் என் கட்சி மேட். அளந்து பார்த்தால் பளபளப்புத் தாளின் கறுப்பு அடர்த்தி 2-ஐத் தாண்டும், மேட் தாள் 1.7-க்கே மூச்சு வாங்கும். வாங்கட்டும். பளபளப்புத் தாளில் படத்தைவிட எதிர் ஜன்னல்தான் நன்றாகத் தெரிகிறது. அதிவெண்மை என்று விற்கும் தாள்களையும் நான் நம்புவதில்லை. சட்டைக்கு நீலம் போடுவது மாதிரி அதில் ரசாயனம் கலந்திருக்கும். வருஷம் போகப்போக அது வலுவிழந்து தாள் மஞ்சளாகும்.

ஆகவே மை வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் தாளை முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால், படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.