எந்தப் பள்ளிக்கூடம்?

அண்ணாகிராமத்துல முந்திரி உடைக்கப் போற ஒரு தங்கச்சி இன்னிக்குக் கேட்டா:
"அக்கா, பாப்பாவ மெட்ரிக்ல போடவா, கவர்மெண்ட் ஸ்கூல்ல போடவா? இங்கிலீஷ் வரணும்க்கா."

நியாயமான ஆசை. அதுக்கு மெட்ரிக்தான் ஒரே வழின்னு இல்ல.

2010ல சமச்சீர் கல்விச் சட்டம் வந்துச்சு.
2011ல உச்ச நீதிமன்றமே அமல்படுத்தச் சொல்லுச்சு.
மெட்ரிக், அரசு உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளி, எல்லாத்துக்கும் பொதுப் பாடத்திட்டம்.
2012-13லிருந்து அரசுப் பள்ளிகள்லயும் ஆங்கில வழி வகுப்பு ஆரம்பிச்சாங்க.
2022ல சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல தமிழ், கணக்கோட இங்கிலீஷும் இருக்கு.

ஆனா மீடியம் மாறினா மட்டும் மொழி வந்துடாது.
புரியாத மொழியில அறிவியலை மனப்பாடம் பண்ற பிள்ளைக்கு ரெண்டுமே வராது.

தெனம் பேச வைக்கிற டீச்சர் வேணும்.
தப்பாப் பேசினாலும் சிரிக்காத வகுப்பு வேணும்.
கையில கதைப் புத்தகம் வேணும்.
இதெல்லாம் இருந்தா தமிழ் வழியிலயும் இங்கிலீஷ் வரும்னு நான் முழுசா நம்புறேன்.

வேன் பீஸுக்குக் கடன் வாங்குற அம்மாக்களுக்கு இத யாராவது பொறுமையா எடுத்துச் சொல்லணும்.

தமிழ் வழியில படிச்சு இங்கிலீஷ் நல்லாப் பேசுறவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க.
உங்களுக்கு அது எப்படி வந்துச்சு?