நடுத்தர வில்லைக்காரர்

சீட்டாட்ட மேஜையில் வில்லைகளைக் குவித்து வைத்திருப்பவருக்கு அவசரம் இல்லை. நாலே வில்லை உள்ளவருக்கோ யோசனை இல்லை. வந்த சீட்டை நம்பி எல்லாவற்றையும் நடுவே தள்ளிவிட வேண்டியதுதான். திண்டாட்டமெல்லாம் இரண்டுக்கும் இடையில் இருப்பவருக்கே. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போக்கர் உலகத் தொடர் 1970-ல் பிறந்த ஊர் லாஸ் வேகாஸ். அங்கே ஒரு சின்னப் பந்தயத்தை ஒரு மாலை முழுதும் வேடிக்கை பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் தமக்கை மகன் காதோடு காதாகப் பாடம் சொன்னான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. பிறகு பொதுச் சீட்டுகள் ஐந்து மேஜையில் விழும். முதலில் சேர்ந்தாற்போல் விழும் மூன்றுக்கு ஃப்ளாப் என்று பெயர். நான் சொல்ல வந்த கதை அந்த மூன்று விழுமுன்பே முடிந்துவிடுகிறது. ஒருவர் பந்தயத்தை உயர்த்துகிறார். அதற்கு மேல் இன்னொருவர் உயர்த்துகிறார். அவ்வளவுதான்.

உங்களிடம் 20,000 வில்லை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயப் பந்தயங்கள் 500, 1,000. அவற்றோடு 1,000 காணிக்கை. ஒருவர் 2,500 என்கிறார். நடுவே 5,000 சேர்ந்துவிட்டது. நீங்கள் 20,000-ஐயும் தள்ளுகிறீர்கள். அவர் பின்வாங்கினால் 5,000 உங்களுக்கு. துணிந்து ஏற்றால், நூற்றுக்கு 35 தடவை பிழைக்கும் சீட்டு உங்களிடம் இருந்தால், சராசரியாக 5,000-க்குச் சற்று அதிகம் நஷ்டம். ஆகவே, பாதிக்குக் கொஞ்சம் அதிகமான தடவை அவர் பின்வாங்கினால் போதும், கணக்கு நேராகிவிடும்.

"நல்ல சீட்டு வரும்வரை பொறுத்தால் என்னடா?" என்று கேட்டேன்.

"பொறுக்கலாம் மாமா. ஒவ்வொரு சுற்றுக்கும் 2,500 கரையும். எட்டுச் சுற்றில் சுத்தம்" என்றான்.

1995-ல் உலகத் தொடரின் முதன்மை ஆட்டத்தை வென்ற டான் ஹாரிங்டன் என்பவர் இந்த எட்டைத்தான் தம் புத்தகத்தில் நிறம் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறார்: ஆறிலிருந்து பத்துக்குள் ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு.

எனக்கு என் தகப்பனாரின் நினைவு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குவதற்காகப் பன்னிரண்டு வருஷம் பணம் சேர்த்தார். பணம் வளர்ந்தது வாஸ்தவம். மனையின் விலையும் கூடவே வளர்ந்தது. அவர் நிதானஸ்தர் என்று ஊரே புகழ்ந்தது. மனையை வேறொருவர் வாங்கினார்.

பொறுப்பதால் பணம் மட்டும் கரைவதில்லை. பயமுறுத்தும் சக்தியும் கரைகிறது. 20,000-ஐத் தள்ளினால் எதிராளி மேலும் 17,500 போட வேண்டும். நூற்றுக்கு 41 தடவையாவது ஜயிப்போம் என்று தோன்றினால்தான் அவர் போடுவார். 10,000 ஆகத் தேய்ந்த பிறகு தள்ளினால் அவருக்குச் செலவு 7,500-தான். மூன்றில் ஒரு தடவை ஜயித்தாலே கட்டிவரும். சிரித்துக்கொண்டே போடுவார். சரி, 40,000 இருந்தால்? அதே சீட்டுக்குப் பத்தில் ஏழு தடவை அவர் பின்வாங்க வேண்டும். 5,000-க்காக அவ்வளவையும் பணயம் வைப்பது அசட்டுத்தனம். நடுத்தரத்துக்கென்று உலகத்தில் ஒரு சலுகை இருக்கிறதென்றால் அதை நான் இங்கேதான் பார்த்தேன்.

சீட்டே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கையில் ஓர் ஆஸ் இருந்தால் விசேஷம். எதிராளிக்கு இரண்டு ஆஸ் சேரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிடுகின்றன. ஏற்கும் துணிவு அவருக்கு அந்த அளவுக்குக் குறையும்.

அன்று அந்த மேஜையில் எழுபது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள் இருந்தார். ஏறக்குறைய 20,000 வில்லை. ஒரு மணி நேரமாக வாய் திறக்கவில்லை. எதிரே குவியலோடு இருந்த இளைஞன் 2,500 என்றதும், அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார். இளைஞன் அவர் முகத்தைப் பார்த்தான். "ஆஸ் இருக்கிறதா?" என்று கேட்டான். அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நிமிஷம் யோசித்துவிட்டு அவன் சீட்டைப் போட்டுவிட்டான்.

என்ன வைத்திருந்தார் என்று அறிய எனக்கு ஒரே துடிப்பு. அம்மாளோ தம் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே சீட்டுப் போடுகிறவரிடம் தள்ளிவிட்டு, வந்த வில்லைகளை நிறம் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.